வாடகை சைக்கிளுக்கு ஒரு ரூபாய்... இந்தியாவுக்கு ஒரு தங்கம்! - ஃபுட்பால் வாத்தியார் ரஹீமின் கதை

உங்க ஸ்கூல் பி.டி சாரை கடைசியா எப்போ நினைச்சீங்க? கழுத்துல விசில் தொங்க, மைதானத்து ஓரத்துல வெயில்ல நிப்பாரே, அவர்தான். பரீட்சை நெருங்கினா கணக்கு டீச்சர் வந்து அவரோட பீரியடைக் கேட்டு வாங்கிட்டுப் போயிடுவாங்க. அவரும் ஒண்ணும் சொல்லாம பந்தை எடுத்து ரூம்ல வெச்சுப் பூட்டிடுவார்.

அப்படி ஒரு பி.டி வாத்தியார்தான் இந்திய ஃபுட்பால் அணியை ஒலிம்பிக் அரையிறுதி வரைக்கும் அழைச்சுட்டுப் போனார். ஆசிய விளையாட்டுப் போட்டியில் ரெண்டு முறை தங்கம் வாங்கிக் கொடுத்தார். பெயர், சையத் அப்துல் ரஹீம். ஹைதராபாத்காரர். 2024-ல் அஜய் தேவ்கன் நடிப்பில் 'மைதான்' படம் வந்தப்போதான் நம்மில் பலருக்கு அவர் பெயரே தெரிஞ்சது. சினிமாவுக்குன்னு சேர்த்த மசாலாவை எல்லாம் எடுத்துட்டுப் பார்த்தாலும், அந்த மனுஷனோட வாழ்க்கை அதே அளவுக்குப் பரபரப்பானதுதான்.

நீங்க ஜவ்வாது மலையில, ஜமுனாமரத்தூர் பக்கத்துல ஏதாவது ஒரு கிராமத்துல இருந்து இதைப் படிக்கிறீங்கன்னா, இந்தக் கதை உங்களுக்கு இன்னும் கொஞ்சம் நெருக்கமா இருக்கும். நல்ல கோச்சிங் வேணும்னா மலை இறங்கி போளூருக்கோ திருப்பத்தூருக்கோ பஸ் பிடிக்கணும். திறமை இருந்தும் தூரம் தடுக்கிற பசங்க எல்லா ஊர்லயும் உண்டு. ரஹீம் ஜெயிச்சதுக்கு முக்கியமான காரணங்கள்ல ஒண்ணு, அந்தத் தூரத்தை அவர் தன்னோட பிரச்னையா எடுத்துக்கிட்டதுதான். அதை வரிசையா பார்ப்போம்.

சாக்பீஸ் பிடிச்ச கை

ரஹீம் பிறந்தது 1909 ஆகஸ்ட் 17. நிஜாம் ஆட்சியில் இருந்த ஹைதராபாத். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படிச்சார், அங்கேயே பல்கலைக்கழக அணிக்காக ஃபுட்பால் ஆடினார். படிப்பு முடிஞ்சதும் உள்ளூர் கிளப்புக்காகவும் ஆடினார். நல்ல ஆட்டக்காரர்தான். ஆனா, நாடு முழுக்கப் பேசுற அளவுக்குப் பெரிய ஸ்டார் எல்லாம் இல்லை.

வயித்துப் பாட்டுக்கு அவர் தேர்ந்தெடுத்தது வாத்தியார் வேலை. ஹைதராபாத்தில் பல பள்ளிகளில் பாடம் நடத்தினார். நடுவுல உடற்கல்வியில் டிப்ளமோவும் படிச்சு முடிச்சார். அதுக்கப்புறம் பள்ளிகளில் விளையாட்டுப் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. காலையில கிளாஸ், சாயந்திரம் மைதானம். இப்படித்தான் அவர் கோச் ஆனார். யாரும் ஆர்டர் போட்டு நியமிக்கலை. பசங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற பழக்கம், கரும்பலகையில இருந்து புல்தரைக்கு நகர்ந்தது, அவ்வளவுதான்.

1940-களின் தொடக்கத்தில் ஹைதராபாத் ஃபுட்பால் சங்கத்தின் செயலாளர் ஆனார். சாகும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். சங்கச் செயலாளர்னா நாற்காலியில உட்கார்ந்து கையெழுத்து போடுறவர்னு நமக்கு ஒரு படம் இருக்கும். இவர் செஞ்சது வேற. சின்னப் பசங்களுக்குன்னு விதவிதமான போட்டிகளைக் கண்டுபிடிச்சார். அதில் ரெண்டை மட்டும் கேளுங்க.

ஒண்ணு, டிரிப்ளிங் பண்ணவே கூடாத போட்டி. பந்து கால்ல வந்ததா, உடனே பக்கத்துல இருக்கிறவனுக்குப் பாஸ் கொடுக்கணும். நான்தான் நாலு பேரை ஏமாத்தி கோல் போடுவேன்னு நினைக்கிற பையன் இந்தப் போட்டியில ஜெயிக்கவே முடியாது. தலையைத் தூக்கி, கூட ஆடுறவன் எங்கே நிக்கிறான்னு பார்க்கப் பழகியே ஆகணும்.

இன்னொண்ணு, பழக்கமில்லாத காலால் மட்டும் ஆடுற போட்டி. வலது கால் ஆட்டக்காரன் இடது காலால் மட்டும்தான் உதைக்கணும். முதல் நாள் எல்லாரும் தடுமாறி விழுவாங்க, பார்க்கிறவங்க சிரிப்பாங்க. ஆனா, ஒரு சீசன் முடியறப்போ அந்தப் பையனுக்கு ரெண்டு காலும் ஒண்ணு போலப் பேச ஆரம்பிச்சிருக்கும்.

கவனிச்சீங்களா? இது அப்படியே ஒரு வாத்தியாரோட மூளை. பையன் எந்தப் பாடத்துல வீக்கோ, அந்தப் பாடத்துக்குத்தான் டெஸ்ட் வைப்பார்.

ஆட்டக்காரர் வேற, கோச் வேற

பெரிய ஆட்டக்காரர் ரிட்டயர் ஆகி கோச் ஆகுறது எல்லா விளையாட்டிலும் நடக்கிற விஷயம். டென்னிஸ்ல இவான் லெண்டிலை எடுத்துக்கோங்க. எட்டு கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பட்டம் ஜெயிச்சவர், ஆனா விம்பிள்டன் மட்டும் கடைசி வரைக்கும் அவருக்குக் கிடைக்கவே இல்லை. அப்புறம் அவர் ஆண்டி முர்ரேவுக்கு கோச் ஆனார். 2013-ல் முர்ரே விம்பிள்டன் கோப்பையைத் தூக்கினப்போ லெண்டில் கேலரியில உட்கார்ந்திருந்தார். தான் தொட முடியாததை இன்னொருத்தர் கையில எடுத்துக் கொடுக்கிற வேலைதான் கோச்சிங்.

ரஹீமுக்கும் இது பொருந்தும். ஒரு ஆட்டக்காரரா அவர் ஒலிம்பிக் மைதானத்துல கால் வெச்சதே இல்லை. அவர் பேர் பின்னாடி ஸ்டார் அந்தஸ்து இல்லை. அதனால, ஆட்டக்காரங்க அவரைக் கேட்டு நடந்ததுக்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும். அவர் சொன்னது மைதானத்துல பலிச்சது.

கில்லியான போலீஸ் டீம்

1950-ல் ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணிக்கு ரஹீம் கோச் ஆனார். அப்போ இந்திய ஃபுட்பால்னா கல்கத்தாதான். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங்னு மூணு பெரிய மலைகள். தெற்கே இருந்து ஒரு போலீஸ் டீம் வந்து இவங்களை எதுத்து நிக்கும்னு யாரும் நினைக்கலை.

பம்பாயில நடந்த ரோவர்ஸ் கோப்பை அந்தக் காலத்து டாப் போட்டிகள்ல ஒண்ணு. 1950, 51, 52, 53, 54... தொடர்ந்து அஞ்சு வருஷம் அந்தக் கோப்பை ஹைதராபாத்துக்குத்தான் போச்சு. நாட்டின் மிகப் பழைய போட்டியான டூரண்ட் கோப்பையிலும் மோகன் பகானை ஃபைனல்ல வீழ்த்தினாங்க. பகல்ல டியூட்டி பார்க்கிற போலீஸ்காரங்க, சாயந்திரம் நாட்டின் பெஸ்ட் டீமா மாறினாங்க.

ஆனா, அந்த வெற்றியிலயே ரஹீம் நின்னுடலை. கோப்பை அலமாரியை நிரப்பிட்டு இருக்கிறப்பவே அவருக்கு ஒரு விஷயம் உறுத்திக்கிட்டே இருந்தது. இந்தியாவுக்குள்ள ஜெயிக்கிற இந்த ஆட்டம், வெளியே போனா எடுபடுமா?

பத்து கோல் அடி

1951-ல் முதல் ஆசிய விளையாட்டுப் போட்டி டெல்லியில நடந்தது. ரஹீம்தான் இந்திய அணியின் கோச். சைலன் மன்னா கேப்டன். ஃபைனல்ல இரானை 1-0 என ஜெயிச்சு இந்தியா தங்கம் வாங்கியது. மேவாலால் அடிச்ச அந்த ஒரு கோல் நாட்டையே கொண்டாட வெச்சது.

அடுத்த வருஷமே தலைகீழ். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக். எதிரில் யூகோஸ்லாவியா. ஸ்கோர் 10-1. இந்தியாவுக்கு அகமது கான் ஒரு கோல் அடிச்சார், அவ்வளவுதான். ஃபின்லாந்துக் குளிர்ல நம்ம ஆட்டக்காரங்க பல பேர் வெறுங்காலோட ஆடினாங்க.

இங்கே ஒரு விஷயம் சொல்லணும். வெறுங்கால்னா ஷூ வாங்கக் காசில்லாம மட்டும் இல்லை. அது ஒரு பழக்கம், ஒரு பெருமையும்கூட. பந்தோட தோலை விரலால உணர்ந்து ஆடினாத்தான் கன்ட்ரோல் கிடைக்கும்னு அந்தத் தலைமுறை நம்புச்சு. 1948 லண்டன் ஒலிம்பிக்ல பிரான்ஸை எதிர்த்து பல பேர் வெறுங்காலோட ஆடி, 2-1 என ரொம்ப நெருக்கமா தோத்தாங்க. லண்டன் மக்கள் எழுந்து நின்னு கைதட்டினாங்க. அந்தக் கைதட்டல்ல நாம கொஞ்சம் மயங்கிட்டோம். ஹெல்சிங்கி அந்த மயக்கத்தை ஒரே மேட்ச்ல தெளிய வெச்சது.

அதுக்கப்புறம் பூட்ஸ் கட்டாயம் ஆச்சு. ஆனா, ரஹீம் படிச்ச பாடம் பூட்ஸோட முடியலை. கால்ல எதைப் போடுறோம்ங்கிறதைவிட, மைதானத்துல எங்கே நிக்கிறோம்ங்கிறதுதான் பெரிய ஓட்டைன்னு அவருக்குப் புரிஞ்சது.

பின்னாடி வந்த ஃபார்வர்ட்

இதைக் கொஞ்சம் பொறுமையா படிங்க, சிம்பிள்தான். அப்போ இந்தியாவில பெரும்பாலும் ஆடினது 2-3-5. பின்னாடி ரெண்டு பேர், நடுவுல மூணு பேர், முன்னாடி அஞ்சு பேர். பார்க்க ஜாலியா இருக்கும். ஆனா, எதிரணி வேகமா திரும்பி வந்தா, காக்க ஆளே இருக்காது. பத்து கோல் விழுந்தது சும்மா இல்லை.

அதே சமயத்துல ஐரோப்பாவில ஹங்கேரி டீம் ஒரு புது வித்தையைக் காட்டிட்டு இருந்தது. 1953-ல் இங்கிலாந்தை அவங்க சொந்த மண்ணுல, வெம்ப்ளியில, 6-3 என அடிச்சு நொறுக்கினாங்க. ரகசியம் என்ன? சென்டர் ஃபார்வர்டா ஆடின ஹிடேகுடி, கோல் பக்கத்துல நிக்காம நடு மைதானத்துக்கு இறங்கி வந்துட்டார். அவரை மார்க் பண்ண வேண்டிய டிஃபண்டருக்குக் குழப்பம். கூடவே போனா பின்னாடி பெரிய பள்ளம் விழும். போகலைன்னா அவர் ஃப்ரீயா நின்னு பாஸ் கொடுப்பார். எப்படிப் பார்த்தாலும் நஷ்டம்.

ரஹீம் இந்த மாதிரி ஆட்டத்தை இந்திய ஆட்டக்காரங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். ஒரு ஃபார்வர்டைக் கீழே இறக்கினார், பின்வரிசையில ஆள் சேர்த்தார். 1958 உலகக் கோப்பையை பிரேசில் ஜெயிச்ச பிறகு உலகமே 4-2-4 முறையைப் பத்திப் பேசியது. அதுக்கு முன்னாடியே அதோட சாயல் ரஹீமின் அணிகள்ல இருந்ததுன்னு இந்திய ஃபுட்பால் உலகம் இன்னைக்கும் பெருமையா சொல்லும். யூடியூப் இல்லை, வீடியோ அனலிஸ்ட் இல்லை. மேட்ச்சைக் கண்ணால பார்த்து, யோசிச்சு, மறுநாள் மைதானத்துல செஞ்சு பார்க்கிறதுதான் ஒரே வழி.

அம்முகூடா பையனும் வெலிங்டன் கீப்பரும்

இப்போ அந்த ஒரு ரூபாய்க்கு வருவோம்.

செகந்திராபாத் பக்கத்துல அம்முகூடான்னு ஒரு கிராமம். அங்கே ஒரு தமிழ்க் குடும்பத்துப் பையன் துளசிதாஸ் பலராம். வீட்டுல கஷ்டம். கால்ல மட்டும் மாயம் இருந்தது. ரஹீம் அவன் ஆட்டத்தைப் பார்த்துட்டு ஹைதராபாத்தில பயிற்சிக்கு வரச் சொன்னார். பையனுக்கு ஆசைதான். ஆனா, அவ்வளவு தூரம் தினமும் எப்படி வர்றது? சைக்கிள் கிடையாது. வாடகை சைக்கிள் எடுக்கவும் காசு கிடையாது.

இந்த இடத்துல பல கோச்சுகள் என்ன சொல்வாங்கன்னு உங்களுக்கே தெரியும். ஆர்வம் இருந்தா வருவான், இல்லைன்னா விடுன்னு போயிடுவாங்க. ரஹீம், சைக்கிள் வாடகைக்குன்னு தினமும் ஒரு ரூபாய் கொடுத்தார். அந்த ரூபாயில மிதிச்சு வந்த பையன், 1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக் அணியில இருந்தான். பிறகு சுனி கோஸ்வாமி, பி.கே.பானர்ஜி, பலராம்னு மூணு பேரும் சேர்ந்து இந்திய ஃபுட்பாலின் மூன்று முத்துகள் ஆனாங்க. 1962-ல் அவருக்கு அர்ஜுனா விருது கிடைச்சது. 2023-ல் காலமாகும்வரை பலராம் அந்த ஒரு ரூபாயை மறக்கலை. கேட்டவங்ககிட்ட எல்லாம் சொன்னார்.

இன்னொருத்தர், பீட்டர் தங்கராஜ். ஹைதராபாத்தில பிறந்து ராணுவத்துல சேர்ந்தவர். நம்ம நீலகிரி வெலிங்டன்ல இருக்கிற மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டர் டீமுக்கு கோல் கீப்பர். முதல்ல ஃபார்வர்டா ஆடிட்டு இருந்து அப்புறம் கீப்பரா மாறினவர். அந்த டீம் 1955-லயும் 1958-லயும் டூரண்ட் கோப்பையை ஜெயிச்சது. நெடுநெடுன்னு உயரம், அகலமான கை. இவரும் ரஹீமின் படையில முக்கியமான ஆள். இவரோட உயரம் ஒருநாள் எப்படிக் கைகொடுத்ததுன்னு கடைசியில சொல்றேன்.

மெல்போர்னில் ஒரு மதியம்

1956 மெல்போர்ன் ஒலிம்பிக். முதல் சுற்றுல இந்தியாவோட மோத வேண்டிய ஹங்கேரி விலகிடுச்சு. அதிர்ஷ்டம்தான்னு சிலர் சொன்னாங்க. டிசம்பர் 1-ம் தேதி கால் இறுதி. எதிரில், சொந்த மண்ணுல ஆடுற ஆஸ்திரேலியா. இந்தியா 4-2 என ஜெயிச்சது. நெவில் டிசோசா ஹாட்ரிக் அடிச்சார். ஒலிம்பிக் ஃபுட்பால்ல ஹாட்ரிக் அடிச்ச முதல் ஆசியர் அவர்தான். அதோட, ஒலிம்பிக் அரையிறுதிக்குப் போன முதல் ஆசிய நாடு இந்தியா.

அரையிறுதியில யார் தெரியுமா? அதே யூகோஸ்லாவியா. நாலு வருஷம் முன்னாடி பத்து கோல் போட்டவங்க. இந்த முறை இடைவேளை வரைக்கும் ரெண்டு பக்கமும் கோல் இல்லை. இடைவேளைக்கு அப்புறம் முதல் கோலே நம்மதுதான், நெவில் அடிச்சார். ஹெல்சிங்கியில இருந்தவங்களுக்கு அந்த நிமிஷம் எப்படி இருந்திருக்கும்! அதுக்கப்புறம் யூகோஸ்லாவியா விழிச்சுக்கிட்டு 4-1 என ஜெயிச்சது. வெண்கலத்துக்கான மேட்ச்ல பல்கேரியாகிட்ட 3-0 என தோல்வி. நாலாவது இடம்.

மெடல் இல்லைதான். ஆனா 10-1-லிருந்து 4-1-க்கு வந்தது, அதுவும் ஒரு கட்டத்துல முன்னிலையில இருந்தது, நாலே வருஷத்துல. கணக்கு வாத்தியார் யாராவது இருந்தா முன்னேற்றம்னு எழுதிக் கையெழுத்து போட்டிருப்பார்.

மகனுக்கும் அதே ரூல்

1960 ரோம். இந்தியா மாட்டினது பயங்கரமான குரூப்ல. ஹங்கேரி, பிரான்ஸ், பெரு. ஹங்கேரிகிட்ட 2-1 என தோத்தாங்க. அந்த ஒரு கோலை அடிச்சது நம்ம பலராம். பிரான்ஸோட 1-1 டிரா, கோல் அடிச்சது கேப்டன் பி.கே.பானர்ஜி. பெருகிட்ட தோத்து வெளியே வந்தாங்க. அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் இந்திய ஆண்கள் ஃபுட்பால் அணி ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறவே இல்லை.

அந்த ரோம் அணியில ரஹீமின் மகன் சையத் ஷாகித் ஹகீமும் இருந்தார். அப்பா கோச், மகன் டீம்ல. இந்தக் காலத்துல இதை வெச்சு எத்தனை மீம் வந்திருக்கும்! ஆனா, ரோம்ல ஆடின பதினொரு பேர்ல ஹகீமுக்கு இடம் கிடைக்கலை. பெஞ்ச்லயே உட்கார்ந்திருந்தார். வீட்டுல அப்பா, மைதானத்துல வாத்தியார். அந்தக் கோட்டை ரஹீம் அழிக்கலை. ஹகீம் பிறகு விமானப்படையில அதிகாரி ஆனார், ஃபிஃபா ரெஃப்ரீ ஆனார், கோச்சும் ஆனார். 2017-ல் தயான் சந்த் விருது வாங்கினார்.

ஜகார்த்தா: கட்டு போட்ட தலையும் லட்சம் தொண்டைகளும்

இப்போ 1962. ரஹீமுக்கு 53 வயசு. சிகரெட் அவரை விடலை, அவரும் சிகரெட்டை விடலை. உடம்புக்குள்ள புற்றுநோய் வேலை செய்ய ஆரம்பிச்சிருந்தது. அந்த நிலைமையிலதான் இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தாவுக்கு அணியோட போனார்.

போன இடத்துல சூழ்நிலை சரியில்லை. இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் இந்தோனேசியா விசா கொடுக்கலை. இது தப்புன்னு, ஆசிய விளையாட்டுப் போட்டியைத் தொடங்கி வெச்சவரான இந்தியாவின் ஜி.டி.சோந்தி எதிர்த்துப் பேசினார். அவ்வளவுதான், ஊர் கோபமெல்லாம் இந்தியா மேல திரும்பிடுச்சு. இந்தியத் தூதரகத்தைக் கும்பல் தாக்கியது. ஆட்டக்காரங்களுக்கு ரோட்டுல நடக்கவே பயம். டர்பன் கட்டின ஜர்னைல் சிங் ஜன்னல்ல தெரிஞ்சா இந்தியா டீம்னு கண்டுபிடிச்சிடுவாங்கன்னு, பஸ்ஸுக்குள்ள கீழே குனிஞ்சு உட்கார்ந்து போனார்னு கூட ஆடினவங்க பின்னாடி சொல்லியிருக்காங்க.

ஆட்டமும் மோசமா தொடங்கியது. முதல் மேட்ச்ல தென் கொரியாகிட்ட 2-0 என தோல்வி. அடுத்து தாய்லாந்தை 4-1 என ஜெயிச்சாங்க. ஆனா, அந்த மேட்ச்ல பின்வரிசையின் தூண் ஜர்னைல் சிங்குக்குத் தலையில பலத்த அடி, தையல் போட்டாங்க. தங்கராஜுக்குக் காய்ச்சல். அவருக்குப் பதிலா இளம் கீப்பர் பிரத்யுத் பர்மன் நின்னார். ஜப்பானை 2-0 என தாண்டி அரையிறுதிக்கு வந்தாச்சு. இப்போ ரஹீம் முன்னாடி ஒரு கேள்வி. தலையில தையல் போட்ட டிஃபண்டரை என்ன செய்றது?

டிஃபண்டர்னா உயரமா வர்ற ஒவ்வொரு பந்தையும் தலையால முட்டித் தள்ளணும். அது முடியாது. வெளியே உட்கார வெச்சா டீமோட நம்பிக்கையே உட்கார்ந்துடும். ரஹீம் யாரும் எதிர்பார்க்காத ஒண்ணைச் செஞ்சார். ஜர்னைலை முன்னாடி கொண்டுபோய் சென்டர் ஃபார்வர்டா நிறுத்தினார். ஆஜானுபாகுவான உடம்பு, கட்டு போட்ட தலை. எதிரணி டிஃபண்டர்களுக்கு இதை எப்படிச் சமாளிக்கிறதுன்னு தெரியலை. தெற்கு வியட்நாமை 3-2 என ஜெயிச்ச அரையிறுதியில ஜர்னைல் ஒரு கோல் அடிச்சார்.

செப்டம்பர் 4. ஃபைனல். எதிரில், முதல் மேட்ச்ல நம்மளைத் தோற்கடிச்ச அதே தென் கொரியா. செனாயன் ஸ்டேடியத்துல ஏறக்குறைய ஒரு லட்சம் பேர். இந்தியா பந்தைத் தொட்டாலே கூச்சல். அந்தக் கூட்டத்துல நமக்காகக் கைதட்டின சின்னக் குழு ஒண்ணு இருந்தது. ஹாக்கி ஃபைனல்ல நம்மளைத் தோற்கடிச்சுத் தங்கம் வாங்கியிருந்த பாகிஸ்தான் ஹாக்கி வீரர்கள்!

கோல் கம்பத்துக்கு நடுவுல ரஹீம் நிறுத்தினது, காய்ச்சல்லேர்ந்து தேறி வந்த தங்கராஜை. அதுவரைக்கும் நல்லா ஆடின பர்மனை மாத்தறது ரிஸ்க். ஆனா, கொரியர்கள் பந்தை உயரத் தூக்கிப் போடுற ஆளுங்க. அந்த உயரத்துக்கு அந்தக் கை வேணும்னு ரஹீம் முடிவு பண்ணினார்.

17-வது நிமிஷம், பி.கே.பானர்ஜி கோல். 20-வது நிமிஷம், தையல் போட்ட தலையோட ஜர்னைல் கோல். மூணே நிமிஷத்துல ஒரு லட்சம் தொண்டை அடைச்சுப் போச்சு. கடைசி நிமிஷங்கள்ல கொரியா ஒரு கோல் திருப்பியது. அப்புறம் வந்த ஒவ்வொரு பந்தையும் கேப்டன் சுனி கோஸ்வாமியின் ஆட்கள் தடுத்து நின்னாங்க. விசில் ஊதினப்போ 2-1. தங்கம்!

ஒரு வாத்தியார் பதினோரு பேரை வெச்சு எழுதின பரீட்சை அது. அடிபட்டவன், காய்ச்சல்காரன், மிரட்டுற கூட்டம்னு கையில இருந்ததை வெச்சே எழுதினார், பாஸ் ஆனார்.

ஒன்பது மாசம்

அந்தத் தங்கத்துக்கு அப்புறம் ரஹீமுக்குக் கிடைச்சது ஒன்பது மாசம்தான். 1963 ஜூன் 11-ம் தேதி புற்றுநோய் அவரைக் கொண்டுபோயிடுச்சு. அப்போ அவருக்கு 53 வயசு. கோச்சுகளுக்கான துரோணாச்சார்யா விருதை அரசு தொடங்கினதே 1985-ல்தான். அவர் போய் 22 வருஷம் கழிச்சு.

அவரோட இந்திய ஃபுட்பாலில் ஏதோ ஒண்ணும் போச்சு. ஆசிய விளையாட்டுல அதுக்கப்புறம் நமக்குக் கிடைச்ச ஒரே ஃபுட்பால் மெடல் 1970 பாங்காக் வெண்கலம். தங்கம் திரும்ப வரவே இல்லை. ஹைதராபாத்தும் பழைய ஹைதராபாத்தா இல்லை. நாட்டுக்கே ஆட்டக்காரங்களை அனுப்பின அந்த ஊர், மெள்ள மெள்ள கிரிக்கெட், பாட்மின்டன், டென்னிஸ்னு வேற பெயர்களால அடையாளம் காணப்பட ஆரம்பிச்சது.

ஏன் இப்படி ஆச்சு? ஒரு மனுஷன் போனதும் ஒரு விளையாட்டே சரிஞ்சதுன்னா, அவர் செஞ்சதை வேற யாரும் ஒரு முறையா மாத்தி வைக்கலைன்னு அர்த்தம். டிரிப்ளிங் இல்லாத போட்டி, இடது கால் போட்டி, சைக்கிள் வாடகை... எல்லாம் ரஹீமோட தனிப்பட்ட குணமா இருந்ததே தவிர, சங்கத்தோட விதியா ஆகலை. ஐரோப்பாவிலயும் ஜப்பானிலயும் பள்ளி மைதானத்துல இருந்தே ஒழுங்கா ஆள் எடுத்து வளர்க்க அமைப்புகள் உருவாச்சு. நம்மகிட்ட ஒரு நல்ல வாத்தியார் இருந்தார், அவ்வளவுதான். அவர் இருந்தவரைக்கும் நடந்தது.

அதனால ரஹீமை ஒரு பழைய பெருமையா மட்டும் நினைச்சுட்டு ஸ்க்ரோல் பண்ணிடாதீங்க. அவர் கத்துக் கொடுத்தது ரொம்ப நடைமுறையான விஷயம். திறமை எந்தக் கிராமத்துலயும் பிறக்கும். அதுக்கும் மைதானத்துக்கும் நடுவுல ஒரு தூரம் இருக்கும். அந்தத் தூரத்துக்கு அன்னைக்கு விலை ஒரு ரூபாய். இன்னைக்கு அது ஒரு பஸ் டிக்கெட்டா இருக்கலாம், ஒரு ஜோடி ஸ்டட்ஸா இருக்கலாம், பரீட்சைக்கு முன்னாடி பறிபோகாத ஒரு பி.டி பீரியடா இருக்கலாம்.

உங்க ஊர்ல, மலையோ சமவெளியோ, சாயந்திரம் பந்தை எடுத்துட்டுத் தனியா மைதானத்துக்குப் போற வாத்தியார் யாராவது இருந்தா, அடுத்த முறை பார்க்கிறப்போ ஒரு வணக்கம் வைங்க. அவருக்கு ஒரு பந்து வாங்கிக் கொடுக்க முடிஞ்சா, வணக்கத்தைவிட அது இன்னும் நல்லது.